கைக்கடிகாரத்துக்கு ராணுவ நைலான் ஸ்ட்ராப்: பின்னில் தொடங்கி வால் வரை

மூன்று வருஷத்துக்கு முன், மழை தூறிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், பெங்களூர் டின் ஃபேக்டரி நிறுத்தத்தில் ஓடிப்போய் பஸ் ஏறினேன். கம்பியைப் பிடித்து உடம்பை உள்ளே இழுத்த வேகத்தில் இடது மணிக்கட்டு திடீரென்று லேசானது. குனிந்து பார்த்தால் வாட்ச் படிக்கட்டில் கிடக்கிறது. ஜாலஹள்ளி தொழிற்சாலையில் வேலை பார்த்த சித்தப்பா கொடுத்த ஹெச்எம்டி பைலட் அது. தோல் ஸ்ட்ராப் அறுந்திருக்கவில்லை. ஒரு பக்கம் வாட்சோடு ஒட்டி, மறுபக்கம் அநாதையாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் சிவாஜி நகரில் வழக்கமாகப் போகும் ரிப்பேர்க்காரரிடம் கொண்டுபோனேன். வேலூர்ப் பக்கத்துக்காரர், கண்ணில் லென்ஸை வைத்தபடியே பேசுவார். "தோல் நல்லாத்தான் இருக்கு. வாட்ச் தொலையறதெல்லாம் பின்னாலதான் தம்பி" என்றார். எனக்குப் பின்னால் என்ன என்று ஒரு நொடி திரும்பியே பார்த்துவிட்டேன். அவர் சொன்னது காதுகளுக்கு நடுவே ஸ்ட்ராப்பைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் பின்னை. அது ஒன்று தெறித்தால் போதும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஸ்ட்ராப்பும் உதவாது.

அன்றைக்குத்தான் ராணுவ பாணி நைலான் ஸ்ட்ராப் பக்கம் வந்தேன். ஒரே நீளப் பட்டை, இரண்டு பின்னுக்கும் அடியில் நுழைந்து வாட்சின் வயிற்றுக்குக் கீழே ஓடும். ஒரு பின் போனாலும் இன்னொரு பின் வாட்சைப் பிடித்துக்கொள்ளும். இந்த ஸ்ட்ராப்பை வாங்க இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை. கலர், கோடு எல்லாம் அப்புறம்தான். அதற்குப் பின் ஏழெட்டு ஸ்ட்ராப் வாங்கி, அதில் பாதியை வீணாக்கி, கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் பெயர்க் குழப்பம்

கடையில் 'நேட்டோ ஸ்ட்ராப்' என்று கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் நேட்டோ அமைப்புக்கும் இதன் வடிவமைப்புக்கும் சம்பந்தமில்லை. இது பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகம் 1973 நவம்பரில் வெளியிட்ட தரவரையறையில் வந்த பொருள். சாம்பல் நிற நைலான், 20 மி.மீ. அகலம், 280 மி.மீ. நீளம், குரோம் பூசிய பித்தளைக் கொக்கி என்று அதில் எல்லாம் தெளிவாக இருந்தது. நேட்டோ நாடுகளின் ராணுவக் கிடங்குகளில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு. இந்த ஸ்ட்ராப்புக்கும் அப்படி ஓர் எண் இருந்ததால் 'நேட்டோ' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. சிப்பாய்கள் இதை வாங்க ஜி1098 என்ற படிவத்தை நிரப்ப வேண்டியிருந்தது. அதனால் 'ஜி10' என்றும் ஒரு பெயர் உண்டு. இரண்டும் ஒன்றுதான்.

கோடு போட்ட ஸ்ட்ராப்பைப் பலர் ஜேம்ஸ் பாண்டோடு சேர்த்துப் பேசுவார்கள். பாண்ட் அதைக் கட்டிய 'கோல்ட்ஃபிங்கர்' படம் வந்தது 1964-ல், அதாவது இந்தத் தரவரையறைக்கு ஒன்பது வருஷம் முன்னால். உற்றுப் பார்த்தால் அதில் ஸ்ட்ராப் காதுகளின் இடைவெளியைவிட ஒல்லியாக இருக்கும், இரண்டு பக்கமும் பின் பளபளவென்று தெரியும். சினிமா நாயகனுக்கே அளவு தப்பிவிட்டது. நாம் அளந்து வாங்குவோம்.

படி 1: காதுகளுக்கு நடுவே அளப்பது

வாட்சின் உடம்பிலிருந்து மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கும் நான்கு கொம்புகளை ஆங்கிலத்தில் லக் என்பார்கள். வாணலிக்குக் காது என்கிற மாதிரி நான் காது என்றே எழுதுகிறேன். அளக்க வேண்டியது ஒரே பக்கத்தில் உள்ள இரண்டு காதுகளின் உட்சுவர்களுக்கு நடுவே உள்ள தூரம். பழைய ஸ்ட்ராப்பின் அகலத்தை அளந்துவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள். அது முன்பே தப்பான அளவில் மாட்டப்பட்டிருக்கலாம், அல்லது ஊறி அகன்றிருக்கலாம்.

வெர்னியர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒரு விசிட்டிங் கார்டை மெல்லிய துண்டாக வெட்டி, காதுகளுக்கு நடுவே சரியாகப் பொருந்தும்வரை நறுக்கி, அந்தத் துண்டை ஸ்கேலில் வையுங்கள். அரை மில்லிமீட்டருக்குள் சரியாக வரும். கடைக்குப் போகும்போது அந்த அட்டைத் துண்டையே பர்ஸில் போட்டுக்கொண்டு போகலாம்.

பொதுவாகக் கிடைப்பது 18, 20, 22, 24 மி.மீ. என்னுடைய ஹெச்எம்டி 18. சில வாட்சுகள் 19, 21 என்று ஒற்றைப்படையில் வந்து உயிரை எடுக்கும். அப்போது ஒரு மி.மீ. கூடுதலாக வாங்குங்கள். நைலான் ஓரத்தில் கொஞ்சம் மடிந்து உட்கார்ந்துகொள்ளும். குறைத்து வாங்கினால் வாட்ச் இடமும் வலமும் நகரும், பாண்ட் கதை ஆகிவிடும். இரண்டு மி.மீ. கூடுதலாக வாங்கினால் ஓரம் சுருண்டு சீக்கிரம் பிசிறிவிடும்.

படி 2: பின்னும் அதற்குப் பின்னால் உள்ள சந்தும்

இந்த இடத்தில்தான் நான் இரண்டு ஸ்ட்ராப்பை வீணாக்கினேன், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

பின்னுக்கும் வாட்சின் உடம்புக்கும் நடுவே ஒரு சந்து இருக்கிறது. நைலான் பட்டை அந்தச் சந்து வழியாகத்தான் நுழைய வேண்டும். முக்குளிப்பவர்களுக்காக வரும் புது டைவர் வாட்சுகளில் சந்து தாராளமாக இருக்கும். ஹெச்எம்டி மாதிரிப் பழைய வாட்சுகளில் பின் உடம்போடு ஒட்டியே இருக்கும். தடித்த பட்டையை முக்கி முனகி நுழைத்துவிடலாம். ஆனால் அது பின்னை எப்போதும் வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். மணிக்கட்டு மடங்கும் ஒவ்வொரு முறையும் பின்னின் நுனி காதின் குழியில் உரசும். கொஞ்ச நாளில் குழி அகலும், பின் வளையும், அப்புறம் டின் ஃபேக்டரி படிக்கட்டுதான்.

சோதிக்கச் சுலபமான வழி இருக்கிறது. விசிட்டிங் கார்டு அட்டையை இரண்டாக, மூன்றாக, நான்காக மடித்து ஒவ்வொன்றாகச் சந்தில் நுழைத்துப் பாருங்கள். சிரமமில்லாமல் எத்தனை அடுக்கு போகிறதோ அதன் மொத்தத் தடிமன்தான் உங்கள் வாட்ச் தாங்கும் பட்டையின் தடிமன். சாதாரண நைலான் ஸ்ட்ராப் 1.2-லிருந்து 1.4 மி.மீ. இருக்கும். ஜூலு என்று விற்கும் தடித்த வகை அதைவிடக் கூடும். சந்து மிகவும் குறுகலாக இருந்தால் வளைந்த பின் என்று ஒன்று கிடைக்கிறது. நடுவில் வில் மாதிரி வெளிப்பக்கம் வளைந்திருப்பதால் பட்டைக்கு இடம் விடும்.

பின்னின் தடிமனையும் பாருங்கள். சாதாரணப் பின் 1.5 மி.மீ. கனமான வாட்சுக்கு 1.8 மி.மீ. பின் கேட்டு வாங்கலாம். சில ஜப்பானிய டைவர் வாட்சுகளில் 2.5 மி.மீ. பருமனுள்ள பின்னே வரும். அதை எந்தக் காரணத்துக்காகவும் சாதாரணப் பின்னாக மாற்றாதீர்கள். காதின் குழி அந்தத் தடித்த நுனிக்காகத் துளைத்தது, ஒல்லிப் பின் அதில் ஆடும்.

பழைய ராணுவ வாட்சுகள் பலவற்றில் ஸ்பிரிங் பின்னே கிடையாது. காதுகளுக்கு நடுவே ஒரு கம்பியை நிரந்தரமாகப் பற்றவைத்திருப்பார்கள். தெறிக்கவே தெறிக்காது. அதில் சாதாரண இரண்டு துண்டு ஸ்ட்ராப்பை மாட்ட வழியில்லை, நுழைத்து இழுக்கும் பட்டைதான் ஒரே வழி. ஸ்ட்ராப் இப்படி ஒரே துண்டாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

படி 3: எந்தக் கட்டு?

பார்க்க எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். வித்தியாசம் வாட்சின் வயிற்றுக்கு அடியில்.

ஜி10 வகையில் நீளப் பட்டையோடு கூட ஒரு குட்டிப் பட்டை தைத்திருக்கும். அதன் நுனியில் ஒரு வளையம். நீளப் பட்டை வாட்சுக்கு அடியில் ஓடி, வெளியே வந்து, இந்த வளையத்துக்குள் நுழையும். இதனால் வாட்ச் ஒரே இடத்தில் நிற்கும், கொக்கியைக் கழற்றினாலும் பட்டையிலிருந்து வழுகி விழாது. குறை என்னவென்றால் வாட்சுக்கு அடியில் இரண்டு அடுக்குத் துணி சேர்கிறது. 1.2 மி.மீ. பட்டையென்றாலும் வாட்ச் 2.4 மி.மீ. உயர்ந்துவிடும். ஒல்லியான ஹெச்எம்டியில் அது தெரியாது. முன்பே 13, 14 மி.மீ. தடிமனுள்ள டைவர் வாட்சில் போட்டால், சட்டைக் கையின் பொத்தானுக்குள் நுழையாது. வண்டி ஓட்டும்போது மழைக்கோட்டின் எலாஸ்டிக் கையில் தினம் மாட்டும்.

குட்டிப் பட்டை இல்லாத ஒற்றை அடுக்கு வகையும் உண்டு. ஆர்ஏஎஃப் ஸ்ட்ராப் என்பார்கள். தடித்த வாட்சுக்கு என் முதல் சிபாரிசு இதுதான். உயரம் பாதியாகக் குறையும். கழற்றும்போது மட்டும் வாட்ச் பட்டையில் வழுகிக்கொண்டு போகும், கட்டில் மேல் உட்கார்ந்து கழற்றுங்கள். ஜி10 ஸ்ட்ராப் கையில் இருந்து உயரம் பிடிக்காவிட்டால், கத்தரிக்கோலால் குட்டிப் பட்டையை வெட்டி எடுத்தே இந்த வகையாக மாற்றிக்கொள்ளலாம். நான் இரண்டில் அப்படிச் செய்திருக்கிறேன்.

ஜூலு என்பது தடித்த துணி, உருண்டையான கனத்த வளையங்கள். படத்தில் முரட்டுத்தனமாக அழகாக இருக்கும். 42 மி.மீ.க்குக் குறைவான வாட்சுக்கு வேண்டாம். ஆட்டோவுக்கு லாரி டயர் போட்ட மாதிரி ஆகிவிடும்.

எலாஸ்டிக் பட்டை இன்னொரு வகை. பிரெஞ்சுக் கடற்படை முக்குளிப்பாளர்கள் பாராசூட்டின் எலாஸ்டிக் நாடாவை வாட்சுக்குக் கட்டிக்கொண்டதிலிருந்து வந்தது. துளையே இல்லை, கொக்கியில் மாட்டினால் கை வீங்கினாலும் சுருங்கினாலும் கூடவே வரும். சுகமான ஸ்ட்ராப். ஆனால் எலாஸ்டிக் நாள்பட்டால் தளரும், இதற்கு விதிவிலக்கு இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஸ்மார்ட்வாட்சின் அடிப்பக்கம் பச்சை விளக்கோடு ஒரு சென்சார் இருக்கும். வயிற்றுக்கு அடியில் ஓடும் எந்தப் பட்டையும் அதை மூடிவிடும், நாடித்துடிப்பு காட்டாது. ஸ்மார்ட்வாட்சுக்கு இரண்டு துண்டாக வரும் நைலானை வாங்குங்கள். கேசியோவின் ஜி-ஷாக் வாட்சுகளில் பெரும்பாலானவற்றுக்கு அடாப்டர் இல்லாமல் எதுவும் சேராது.

படி 4: துணி

துணி விஷயத்தில் அலட்டிக்கொள்ள வேண்டாம். நைலான் பட்டை அறுந்து நான் பார்த்ததே இல்லை. நெசவு நெருக்கமாக இருக்கிறதா என்று மட்டும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரிந்தால் வைத்துவிடுங்கள். கார் சீட்பெல்ட் மாதிரி வழவழப்பான நெசவு தோலுக்கு இதமாக இருக்கும். கொஞ்சம் தடிமனும் கூடும், படி 2-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஈரம்தான் நைலானின் பலவீனம். காற்றில் இருக்கும் ஈரத்தையே தன் எடையில் நூற்றுக்கு ஏறக்குறைய 4 பங்கு குடித்துவிடும் நார் இது. பாலியெஸ்டர் அதில் பத்தில் ஒரு பங்குதான் குடிக்கும். பெங்களூர் வெயிலில் இது பெரிய தொல்லை இல்லை. மே மாதம் சதாப்தியில் ஏறி சென்னை சென்ட்ரலில் இறங்கும்போது தெரியும், மணிக்கட்டில் யாரோ ஈரத்துணி சுற்றிய மாதிரி. அடிக்கடி சென்னை போய்வருகிறவர்கள் 'நைலான்' என்று விற்பவற்றில் பாலியெஸ்டரைத் தேடிப் பிடித்தால் லாபம்.

படி 5: கொக்கி, வளையம், ஒட்டு

நல்ல ஸ்ட்ராப்பையும் மட்டமான ஸ்ட்ராப்பையும் பிரிப்பது துணி அல்ல, உலோகமும் அது துணியோடு சேரும் இடமும்தான். ஆன்லைனில் மூன்று சேர்த்து மலிவாக வந்த ஒரு பொட்டலத்தை வாங்கினேன். இரண்டாவது மாதம் கொக்கியைத் தாங்கும் மடிப்பு வாய் பிளந்தது. தைக்காமல் சூட்டில் மட்டும் ஒட்டியிருந்தார்கள். அதுவும் ஓரத்தில் மட்டும்.

கையில் எடுத்ததும் மூன்று இடத்தைப் பாருங்கள். கொக்கி மடிப்பு, குட்டிப் பட்டை சேரும் இடம், வளையங்களைப் பிடித்திருக்கும் இடம். சூட்டில் ஒட்டியிருந்தால் ஒட்டு பட்டையின் முழு அகலத்துக்கும் இருக்க வேண்டும். கட்டைவிரல் நகத்தை ஓரத்தில் கொடுத்து லேசாக நெம்புங்கள். நகம் உள்ளே போனால் அந்த ஸ்ட்ராப் வேண்டாம். தையல் இருந்தால் நூல் முனை தொங்குகிறதா என்று பாருங்கள்.

அப்புறம் காந்தச் சோதனை. ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றைக் கொக்கியில் வையுங்கள். பச்சென்று ஒட்டினால் அது பூச்சு பூசிய இரும்பு, ஒரு மழைக்காலம் தாங்காது. வாட்ச்காரர்கள் '316எல்' என்று சொல்லும் துருப்பிடிக்காத எஃகு காந்தத்தில் அப்படி ஒட்டாது. பித்தளையும் ஒட்டாது என்பதால் இந்தச் சோதனை இரும்பை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். பித்தளையா என்று தெரிய வேண்டுமானால் கொக்கி முள்ளின் உட்பக்கம், பூச்சு தேய்ந்த இடம் பாருங்கள், மஞ்சள் எட்டிப்பார்க்கும். பித்தளை மோசமில்லை, பிரிட்டிஷ் ராணுவமே அதைத்தானே போட்டது. ஆனால் பூச்சு போனபின் வியர்வையில் பச்சை பிடிக்கும்.

முக்கியமாக ஒன்று, இந்தச் சோதனையைச் செய்யும்போது வாட்சைத் தள்ளி வையுங்கள். சாவி கொடுக்கும் வாட்சுக்குள் இருக்கும் மெல்லிய ஸ்பிரிங்கான மயிர்ச்சுருளில் காந்தம் ஏறினால் நாளுக்குப் பல நிமிஷம் முன்னால் ஓடத் தொடங்கும். அப்புறம் காந்தத்தை இறக்க ரிப்பேர்க்காரரிடம் நிற்க வேண்டும்.

சிலருக்கு நிக்கல் ஒத்துக்கொள்ளாது. பூச்சில் நிக்கல் இருந்தால் கொக்கி படும் இடத்தில் மட்டும் சிவந்து அரிக்கும். துணி மேல் பழி போட்டு மாற்றி மாற்றி வாங்குவார்கள். அரிப்பு கொக்கியின் வடிவத்திலேயே இருந்தால் கொக்கிதான் குற்றவாளி.

கருப்புக் கொக்கி பளபளக்காது, படத்தில் எடுப்பாக இருக்கும். முனைகளில் பூச்சு உரிந்து இரண்டு நிறமாகிவிடும். எனக்கு மணல் தேய்த்த மாதிரியான மங்கல் எஃகுதான் பிடித்தம்.

கொக்கி எங்கே வரும் என்பதையும் யோசியுங்கள். எங்கள் அல்சூரில் எதிர்வீட்டுத் தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் படைப்பிரிவின் சிப்பாய்களைத் 'தம்பி' என்றுதான் அழைப்பார்கள். எழுபது தாண்டிய இந்தத் தம்பி இன்றைக்கும் வாட்சின் முகத்தை மணிக்கட்டின் உட்பக்கம் திருப்பித்தான் கட்டுகிறார். கண்ணாடி வெயிலில் மின்னி இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று பழகிய பழக்கம். அப்படிக் கட்டினால் கொக்கி வெளிப்பக்கம் வரும், கதவு, கைப்பிடி, எல்லாவற்றிலும் இடிக்கும். அவருடையது தட்டையான சின்னக் கொக்கி. நீங்களும் அப்படிக் கட்டுகிறவரென்றால் ஜூலுவின் உருண்டை வளையங்களை மறந்துவிடுங்கள்.

படி 6: நீளம், அதாவது வால்

ராணுவ அளவான 280 மி.மீ. குளிர்கால உடுப்பின் கை மேலேயும் கட்டுகிற அளவுக்கு நீளம். நம் ஊர் மணிக்கட்டுக்குப் பெரும்பாலும் மிஞ்சும். நூல் ஒன்றை மணிக்கட்டில் சுற்றி ஸ்கேலில் வையுங்கள். எனக்கு 16 செ.மீ. 28 செ.மீ. பட்டையைக் கட்டினால் கொக்கியைத் தாண்டி ஏறக்குறைய 10 செ.மீ. வால் தொங்கும். அதனால்தான் நேட்டோ கட்டுகிறவர்கள் வாலை மடித்து வளையத்துக்குள் திரும்பச் செருகுகிறார்கள். சிலர் அதை ஸ்டைல் என்கிறார்கள். எனக்கு அது மேஜையில் கை வைத்துத் தட்டச்சு செய்யும்போது உறுத்தும் ஒரு முடிச்சு.

மணிக்கட்டின் சுற்றளவோடு 8 செ.மீ. கூட்டுங்கள். அந்த நீளம் இருந்தால் வால் இரண்டு வளையத்துக்குள்ளும் போய் மடிக்காமல் நிற்கும். எனக்கு 24. குட்டை அளவு என்று 24, 25 செ.மீ.யில் விற்கிறார்கள், கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் வெட்டிக்கொள்ளலாம், பயப்பட ஒன்றுமில்லை.

முதலில் ஸ்ட்ராப்பை ஒரு வாரம் கட்டிப் பழகுங்கள், எந்தத் துளையில் நிற்கிறது என்று தெரியட்டும். பேனாவால் குறி போட்டு, நல்ல கூர்மையான கத்தரிக்கோலால் ஒரே வெட்டில் வெட்டுங்கள். இரண்டு மூலைகளையும் லேசாகச் சாய்த்து வெட்டினால் வளையத்துக்குள் நுழையச் சுலபம். வெட்டியவுடனே முனை பிசிறத் தொடங்கும். லைட்டரைப் பற்றவைத்து, மஞ்சள் சுடர் படாமல், அடியில் இருக்கும் நீலப் பகுதிக்குப் பக்கத்தில் முனையைக் காட்டுங்கள். மஞ்சள் சுடர் பட்டால் கரி பிடித்துக் கருப்பாகும். ஒன்றிரண்டு நொடிதான், நூல் முனைகள் தாமாகவே சுருங்கிப் பின்வாங்கி, சின்னச் சின்ன மணிகளாக உருகி, ஒன்றோடொன்று கலந்துவிடும். உடனே எடுத்து, தண்ணீரில் நனைத்த ஸ்பூனின் முதுகால் அழுத்துங்கள். விரலால் தொடாதீர்கள். உருகிய நைலான் தோலில் ஒட்டினால் சூடு ஆறும்வரை விடாது. இடது ஆள்காட்டி விரலில் எனக்கு இன்னும் தழும்பு இருக்கிறது. ஆறியபின் முனை கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கும். கூரான மணி ஏதாவது நீட்டிக்கொண்டிருந்தால் நகவெட்டியின் அரத்தால் தேயுங்கள்.

இரண்டு துளைக்கு நடுவே ஒரு துளை வேண்டுமென்றால் குத்தூசியால் குத்தி விடாதீர்கள், நூல் அறுந்து பிசிறும். தடித்த தையல் ஊசியைக் குறடால் பிடித்துச் சூடாக்கி உருக்கித்தான் துளைக்க வேண்டும். ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள், நாற்றம் சமையலறையை விட்டுப் போக நேரமாகும். வீட்டம்மா முன் அனுமதி நல்லது.

படி 7: நிறம்

அசல் நிறம் ஒரு மங்கலான சாம்பல். எந்த டயலோடும் சண்டை போடாது, அழுக்கும் தெரியாது. முதல் ஸ்ட்ராப் அதுவாக இருக்கட்டும். வெள்ளை டயலுக்கு நீலம், கருப்பு டயலுக்கு ஆலிவ் பச்சை. வெள்ளைப் பட்டை வாங்குகிறவர்களை நான் தடுப்பதில்லை, இரண்டு வாரம் கழித்து அவர்களே பேசுவார்கள்.

படி 8: பெங்களூரில் எங்கே?

சிவாஜி நகர், சிக்பேட்டையிலிருந்து அவென்யூ ரோடு வரை, மெஜஸ்டிக் பக்கம் நேஷனல் மார்க்கெட் என்று வாட்ச் சாமான் கிடைக்கும் இடங்களுக்குப் பஞ்சமில்லை. நேரில் வாங்குவதன் லாபம் நக சோதனையும் காந்த சோதனையும் அங்கேயே செய்யலாம் என்பது. வாட்சையும் கூடக் கொண்டுபோய் மாட்டிப் பார்த்தே வாங்குங்கள். 'எஷ்டு?' என்று கன்னடத்தில் கேட்டுவிட்டுத் தமிழில் பேரம் பேசுவது சிவாஜி நகரில் சகஜம். நேரில் கிடைப்பதில் 18, 20, 22 தாண்டி வேறு அளவோ குட்டை நீளமோ பெரும்பாலும் இருக்காது. அதற்கு ஆன்லைன்தான். ஆன்லைனில் வாங்கும்போது தடிமனும் நீளமும் மில்லிமீட்டரில் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். 'மிலிட்டரி கிரேடு' என்று மட்டும் போட்டு அளவு போடாத இடத்தில் நான் வாங்குவதில்லை.

ஸ்ட்ராப்போடு எப்போதும் இரண்டு ஜோடிப் பின் சேர்த்து வாங்குங்கள். டீ காசுதான்.

ஹெச்எம்டி வைத்திருக்கிறவர்கள் வெட்கப்படாமல் நைலான் போடலாம். 1961-ல் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து ஜாலஹள்ளியில் தொடங்கியபோது அது நாட்டுக்கே நேரம் காட்டிய தொழிற்சாலை. ஜவான், சைனிக் என்றே அதில் மாடல்கள் வந்தன. சித்தப்பாவிடம் என் பைலட்டைக் காட்டினேன். "துணி நாடாவா?" என்று ஒரு முறை கேட்டார். திருப்பிப் பார்த்தார், பின்னை விரலால் அசைத்துப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவரிடம் அது பாஸ் மார்க்.

படி 9: மாட்டுவது

மெத்தை மேல் துண்டு விரித்து உட்காருங்கள். மொசைக் தரையில் தெறித்த பின்னைத் தேடுவது தனி வேலை. பழைய ஸ்ட்ராப்பை எடுக்க, பின் கழற்றும் கவட்டைக் கருவி கடைகளில் கிடைக்கும். கத்தி முனையால் செய்யப்போய்க் காதின் உட்சுவரைக் கீறாத ஆள் இல்லை. காதுகளின் மேல் செலோ டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். கருவியின் கவட்டையைப் பின்னின் தோளில் மாட்டி உள்ளே அழுத்தினால் நுனி குழியிலிருந்து விடுபடும்.

பழைய பின்னைத் திரும்பப் போடாதீர்கள். புதுப் பின்னை வெறுமனே காதுகளுக்கு நடுவே போட்டு, ஒரு பக்க நுனியைக் குழியில் வைத்து, மறுபக்கத்தை அழுத்தி நகர்த்துங்கள். 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். சத்தம் மட்டும் போதாது. பின்னை இடமும் வலமும் நகத்தால் தள்ளிப் பாருங்கள், மேலே தூக்கிப் பாருங்கள். இரண்டு நுனியும் உட்கார்ந்திருந்தால் வராது.

பின் இரண்டும் போட்டபின் பட்டை. கொக்கி 12 மணிப் பக்கம் வர வேண்டும். நீள வாலை 12 மணிப் பக்கப் பின்னுக்கும் உடம்புக்கும் நடுவே மேலிருந்து கீழே விடுங்கள். வாட்சின் முதுகுக்கு அடியில் ஓடவிட்டு, 6 மணிப் பக்கச் சந்தில் கீழிருந்து மேலே எடுத்து, பின்னைத் தாண்டி இறக்குங்கள். ஜி10 ஆனால் கடைசியாக அந்த வாலைக் குட்டிப் பட்டையின் வளையத்துக்குள் விடுங்கள். குட்டிப் பட்டை மணிக்கட்டை ஒட்டி இருக்க வேண்டும், நீளப் பட்டை அதற்கும் வாட்சுக்கும் நடுவே. மாற்றிப் போட்டால் வளையம் வாட்சின் முதுகில் இடித்துக்கொண்டு நிற்கும், உடனே தெரிந்துவிடும். கையில் கட்டி, கொக்கி மணிக்கட்டின் நடுவில் வருகிற மாதிரி வாட்சைப் பட்டையில் முன்னும் பின்னும் நகர்த்துங்கள்.

கட்டியபின் வாட்சைப் பிடித்து ஒரு தடவை பலமாக இழுத்துப் பாருங்கள். தெறிப்பதென்றால் மெத்தை மேல் தெறிக்கட்டும்.

படி 10: கழுவுவது

வாரம் ஒரு முறை வாட்சிலிருந்து உருவி, கைகழுவும் சோப்பில் பல்துலக்கும் பழைய பிரஷால் தேய்த்து அலசுங்கள். சாதாரணத் தண்ணீர் போதும். காய்ந்த வியர்வை உப்பு நூல்களுக்கு நடுவே உட்கார்ந்து தோலையும் வாட்சின் முதுகையும் அரம் மாதிரி தேய்க்கும். நிழலில் உலர்த்துங்கள், வெயில் நிறத்தைக் குடித்துவிடும். ஈரத்தோடு கட்டாதீர்கள், குறிப்பாகச் சாவி கொடுக்கும் பழைய வாட்சில். முதுகு மூடியின் ரப்பர் வளையம் எந்த வயதில் இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்.

பட்டையை உருவி எடுக்கும் அந்த நேரத்தில்தான் பின்கள் இரண்டும் கண்ணுக்குத் தெரியும். நடுவில் வளைவு, நுனியில் துரு, அழுத்தினால் மெதுவாகத் திரும்பும் ஸ்பிரிங், இதில் ஒன்று இருந்தாலும் மாற்றிவிடுங்கள். நான் வருஷத்துக்கு ஒரு முறை, தீபாவளிக்கு வீடு ஒழிக்கும்போது, கேட்காமலே இரண்டையும் மாற்றிவிடுகிறேன். பழைய பின்களை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். சிவாஜி நகர்க்காரரிடம் காட்டியபோது லென்ஸை எடுக்காமலே கேட்டார்: "இதெல்லாம் எதுக்கு தம்பி? பின்னால ஆகுமா?"